சென்னை வெயில்: கடல்காத்து, ராத்திரி சூடு, ஷீட் வீடு (விவாத இழை)

ஏப்ரல் 19, இரவு 10.40 – கேள்வி

"கடல் ஓரமா இருக்குற ஊரு நம்மளுது. வேலூர், திருத்தணி மாதிரி டெய்லி 42, 43 எல்லாம் இங்க வராது. அப்புறம் எதுக்கு சென்னைக்கு இவ்ளோ ஹீட் அலர்ட்? தண்ணி நிறைய குடிச்சா போதாதா?"

ஏப்ரல் 19, இரவு 11.25

போதாது ப்ரோ. நான் ஏசி மெக்கானிக், வீடு வியாசர்பாடி. ஏப்ரல்ல இருந்து ஜூன் முடியற வரைக்கும் மொட்டை மாடிலயும் சன்ஷேட் மேலயும்தான் என் பொழப்பு, அதனால இத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

உங்க போன்ல 36னு காட்டும்போது காத்துல ஈரப்பதம் 60 சதவீதம் இருந்துச்சுன்னா உடம்புக்கு அது 47ஐத் தாண்டின சூடு. வேலூர்ல 40 அடிச்சு ஈரப்பதம் 20தான் இருந்துச்சுன்னா உடம்புக்கும் கிட்டத்தட்ட அதே 40தான். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு ஆறும். இங்க வேர்வை காயறதே இல்ல, வழியுது அவ்ளோதான். வழியற வேர்வைல தண்ணியும் உப்பும் போகுமே தவிர சூடு இறங்காது.

நம்பிக்கை வரலைன்னா உங்க வீட்டு ஏசியோட ட்ரெயின் பைப்புக்கு அடியில ராத்திரி ஒரு பக்கெட் வெச்சுட்டு தூங்குங்க. ஒன்றரை டன் ஏசின்னா விடியறதுக்குள்ள பக்கெட் ரொம்பி தரையில ஓடும். அந்தத் தண்ணி பூராவும் உங்க பெட்ரூம் காத்துல மிதந்துகிட்டு இருந்ததுதான். கோயமுத்தூர் பக்கம் சர்வீஸ் பண்ற ஃப்ரெண்டு மார்ச் மாசத்துல அதே ஏசிய ஓட்டினா பைப்பு நுனில சொட்டு சொட்டாதான் விழும்ங்கறான்.

ஏப்ரல் 20, காலை 6.15

ராத்திரி எழுதினதுக்கு கீழ ஒருத்தர் "அப்ப வானிலை மையம் ஏன் சென்னைக்கு ஹீட் வேவ்னு அறிவிக்கறதே அபூர்வமா இருக்கு"ன்னு கேட்டிருக்கார். சரியான கேள்வி.

அவங்க கணக்கு இது. சமவெளி ஊருக்கு 40ஐத் தொடணும், கடலோர ஊருக்கு 37ஐத் தொட்டா போதும், ஆனா ரெண்டுக்குமே வழக்கமான அளவை விட 4.5 டிகிரி கூடுதலா இருக்கணும். சென்னைல மே மாசம் வழக்கமாவே 37, 38 பக்கம் போகும். அப்ப 42 கிட்ட போனாத்தான் வெப்ப அலைன்னு பேரு வரும். அதுக்குக் கீழ இருக்குற நாளெல்லாம் "வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம்"னு ஒரு வரியோட போயிடும். அந்த ஒரு வரியத்தான் நம்ம ஊர்க்காரங்க படிக்கணும், எல்லாரும் அத தாண்டிப் போயி டிகிரிய மட்டும் பாக்கறாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து ஈரப்பதத்தையும் சேத்து வெப்பக் குறியீடுன்னு பரிசோதனை முறைல வெளியிடறாங்க, அதையும் பாருங்க.

இன்னொண்ணு, நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம்னு நியூஸ்ல சொல்ற அளவு நிழல்ல, காத்துப் போற வெள்ளை மரப்பெட்டிக்குள்ள வெச்சு எடுக்கறது. உங்க மொட்டை மாடி தளமோ சிக்னல்ல நிக்கற உங்க பைக் சீட்டோ அந்தக் கணக்குல கிடையாது.

ஏப்ரல் 24, மதியம் 1.05

இன்னைக்கு மதியம் நிழல் பூரா காலுக்கடியிலேயே ஒடுங்கிருச்சு பாத்தீங்களா? சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வர்ற நாள் சென்னைக்கு ஏப்ரல் கடைசில ஒண்ணு, ஆகஸ்ட் நடுவுல ஒண்ணு. ஏணி வெச்சு நிக்கறப்ப செவுரு பக்கம் ஒதுங்கக்கூட நிழல் இல்ல. இரும்பு ஏணிய வெறுங்கையால தொட முடியல, பழைய சாக்ஸ கையில மாட்டிகிட்டுதான் ஏறினோம்.

மே 1, காலை 11.50

லீவு நாள், அதனால முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சென்னைல வெயில தீர்மானிக்கறது சூரியனை விட கடல்காத்து எத்தனை மணிக்கு உள்ள வருதுங்கறதுதான்.

காலைல தரைக்காத்து மேற்க இருந்து வரும், காஞ்ச காத்து. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி கடல் பக்கத்துல இருந்து காத்து உள்ள இழுக்கும். நல்ல நாள்ல பன்னெண்டு, ஒரு மணிக்குள்ள வந்துரும், வந்தவுடனே சூடு ஏர்றது நின்னுரும். மேக்கத்திக் காத்து பலமா இருக்குற நாள்ல அது கடல்காத்த கரையிலேயே தடுத்து நிறுத்திரும். மூணு மணி, நாலு மணி வரைக்கும் வராது, சில நாள் வரவே வராது. 40, 41, 42 எல்லாம் அந்த நாள்லதான். திருவல்லிக்கேணில காத்து வீசுறப்ப போரூர், அம்பத்தூர்ல இன்னும் அனல் அடிச்சுகிட்டு இருக்கும். கடல்ல இருந்து உள்ள தள்ளி இருக்கறதாலதான் மீனம்பாக்கம் பல நாள் நுங்கம்பாக்கத்த விட கூட காட்டுது.

வங்கக்கடல்ல புயல் உருவாகி நம்மள விட்டு வடக்கே போச்சுன்னா ஜனங்க மழை கிடைக்கலையேன்னு வருத்தப்படுவாங்க. நான் அடுத்து வர்ற நாளுங்கள நினைச்சுதான் பயப்படுவேன். 2019ல ஃபானி ஒடிசா பக்கம் போய் புரில மே 3ஆம் தேதி கரையக் கடந்துச்சு. அந்த மாதிரி புயல் ஈரத்தை எல்லாம் அள்ளிகிட்டு மேக்கத்திக் காத்த நம்ம பக்கம் இழுத்து விட்டுரும். புயல் வடக்க போகுதுன்னு நியூஸ் வந்தா அடுத்த ரெண்டு மூணு நாள் வெளி வேலைய குறைச்சுக்கங்க.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, பதினொன்றரை மணிக்கு மாடில காயப் போட்ட துணியப் பாருங்க. துணி கிழக்குப் பக்கமா பறந்துச்சுன்னா காத்து இன்னும் மேற்க இருந்துதான் வருது, அன்னைக்கு மதியம் மாடி வேலைய நான் எடுக்க மாட்டேன், கஸ்டமர் திட்டினாலும் சரி. மாடி வேலை காலைல பத்துக்குள்ள, இல்ல நாலு மணிக்கு மேல. நடுவுல இண்டோர் யூனிட் க்ளீனிங், கேஸ் செக்கிங் மாதிரி உள்ள இருக்குற வேலைய வெச்சுக்குவேன்.

மே 1, மாலை 5.20

மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கடல்காத்து வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. டிகிரி ரெண்டு மூணு இறங்கும், ஆனா ஈரம் ஏறும். காத்தாட நிக்கறவனுக்கு சுகம். சின்ன ரூம்ல, ஜன்னல் இல்லாத கடைல, கிச்சன்ல நிக்கறவங்களுக்கு புழுக்கம்தான் கூடும். ஓட்டல் தோசைக்கல்லு முன்னாடி நிக்கற மாஸ்டர கேட்டுப்பாருங்க, மதியத்த விட சாயங்காலம் ஏழு மணிதான் மோசம்பார்.

மே 5, காலை 7.00

கத்திரி நேத்து பொறந்துச்சு, எல்லா சேனல்லயும் அதே பேச்சு. கத்திரி முடியற வரைக்கும் ஜாக்கிரதையா இருந்துட்டு அப்புறம் விட்டுடறது நம்ம பழக்கம். நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சது எப்ப தெரியுமா, 2003 மே 31. கத்திரி முடிஞ்ச அப்புறம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுல ஆரம்பிக்கறப்ப நமக்கு மேக்கத்திக் காத்து இன்னும் பலமாகும், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுரும். அதனால ஜூன் நடுப்பகுதி வரைக்கும் தைரியமா இருக்காதீங்க. பெரியவங்க பின்கத்திரின்னு சொல்றது சும்மா இல்ல.

மே 9, இரவு 1.50

தூக்கம் வரல. கரண்ட் போய் இப்பதான் வந்துச்சு.

பகல் வெயிலப் பத்தியே எல்லாரும் பேசறோம். என் அனுபவத்துல ஆளக் கவுக்கறது ராத்திரிதான். பகல்ல வாங்கின சூட்டிலிருந்து உடம்பு மீள்றதுக்கு ராத்திரி ஒரு ஆறு மணி நேரமாவது ஆறணும். கான்க்ரீட் தளம் பகல் பூரா சூட்டக் குடிச்சு வெச்சு சாயங்காலம் ஆறு மணில இருந்துதான் கீழ இறக்கும். வெளிய 31 இருக்குறப்ப மேல் மாடி ரூமுக்குள்ள 35 இருக்கும், சீலிங்க தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கும். ஃபேன் அந்த சூட்டத்தான் கீழ தள்ளுது. மூணு நாள் தொடர்ந்து இப்படிப் போனா நாலாவது நாள் காலைலயே தலைவலி, எரிச்சல், வேலைல கவனம் இல்லாம போறது எல்லாம் வரும்.

எங்க தெருவுல பாதி வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷீட் மதியம் கொதிக்கும், ஆனா சீக்கிரம் ஆறிரும், ராத்திரி பத்துக்கு மேல கான்க்ரீட் வீட்ட விட தேவலாம். அதனால ஷீட் வீட்டுக்காரங்க மதியம் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது, கோயில் மண்டபம், லைப்ரரி, மரத்தடி, எங்கயாவது போயிடணும். மேல் மாடி கான்க்ரீட் வீட்டுக்காரங்களுக்கு நேர் எதிர், அவங்க ராத்திரி அந்த ரூம்ல படுக்கக்கூடாது. அம்மா இப்ப ஹால்ல, தரைல, வாசக்கதவுக்கு நேரா கிரில்லப் பூட்டிட்டு கதவத் திறந்து வெச்சு படுத்திருக்கு. பாய் தண்ணி தெளிச்ச தரைல.

சாயங்காலம் தளத்துல தண்ணி ஊத்தறது நல்லா வேலை செய்யும், மறுக்கல. ஆனா 2019 ஞாபகம் இருக்குல்ல, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு போய் ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, வேகன் ஒவ்வொண்ணுலயும் 50,000 லிட்டர். அந்த வருஷம் தளத்துல ஊத்த எங்க போறது. துணி அலசின தண்ணி, ஏசி ட்ரெயின் தண்ணி இத ஊத்துங்க, நல்ல தண்ணி வேணாம்.

மே 9, இரவு 2.10

கரண்ட் விஷயம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டுல மின்தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு, அப்ப அது ரெக்கார்டு. வெயில் நாள்ல ராத்திரி பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் ஏரியா பூரா ஏசி ஓடும், வோல்டேஜ் 180க்கு விழும், ட்ரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் போகும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், நம்பர் 94987 94987, சேவ் பண்ணி வைங்க. வீட்ல பெரியவங்க இருந்தா ரீசார்ஜ் ஃபேன் ஒண்ணு இருக்கட்டும், மத்த எதையும் விட அந்தக் காசு உருப்படியான காசு.

மே 10, மதியம் 2.30

"ஃபேன் காத்து சூடா வருது, அதுல உக்காரலாமா" – அம்பத்தூர்ல இருந்து ஒரு அக்கா.

அக்கா, ரூம் 40க்குக் கீழ இருக்குற வரைக்கும் ஃபேன் நல்லதுதான், உலக சுகாதார நிறுவனமும் அதத்தான் சொல்லுது. 40க்கு மேல போனா ஃபேன் உடம்பு சூட்ட ஏத்தும். ஷீட் வீட்ல மதியம் அது சுலபமா தாண்டும். மேல துண்ட நனைச்சுப் போட்டுகிட்டு ஃபேன் அடியில உக்காந்தா நல்ல வித்தியாசம் தெரியும். ஜன்னல்ல ஈரத்துணி தொங்கப்போடறது இந்த ஊர்ல பிரயோஜனம் கம்மி, ரூம்ல ஈரம்தான் ஏறும். துணிய உடம்பு மேல போடுங்க, ஜன்னல்ல வேணாம்.

மே 10, மாலை 6.45

குடிக்கறதப் பத்தி. வெளி வேலைக்காரங்க இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெறும் தண்ணிய மட்டும் லிட்டர் கணக்குல ஊத்திகிட்டாலும் ஆபத்து, உப்பு நீர்த்துப் போயி தலை சுத்தும், வாந்தி வரும். நீர்மோர், உப்பு போட்ட பழைய சோத்துத் தண்ணி, எலுமிச்சை உப்பு சக்கரை, இதெல்லாம் நம்ம ஆளுங்க காலம் காலமா குடிச்சதுதான்.

ஓஆர்எஸ் பாக்கெட்ல 20.5 கிராம்னு போட்டிருந்தா ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, அரை லிட்டர்ல கலக்காதீங்க. வீட்ல பண்றதுன்னா ஒரு லிட்டருக்கு தலை தட்டின டீஸ்பூன்ல சக்கரை ஆறு, உப்பு அரை. டெட்ரா பாக்ல பழ வாசனையோட ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்தாங்கல்ல, அதெல்லாம் சக்கரைத் தண்ணி. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலால இல்லாத பானத்துக்கு அந்தப் பேர் போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுருச்சு. பழைய ஸ்டாக் கடைல இருந்தா வாங்காதீங்க.

கிட்னி பிரச்சனை உள்ளவங்க இளநீர் டாக்டர கேக்காம குடிக்காதீங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை சாப்டறவங்க, மனநலத்துக்கு மாத்திரை சாப்டறவங்க, இவங்களுக்கு உடம்பு சூட்டத் தாங்கற சக்தி குறையும். அதுக்காக மாத்திரைய நிறுத்தாதீங்க, ஏப்ரல்லயே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க.

மே 11, காலை 5.50

என் வீட்டுக்காரி நேத்து எழுதினத படிச்சுட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடிச்சா பாத்ரூம் எங்க போறது?"

அவ தி.நகர்ல துணிக்கடைல நிக்கறா. தெருக்கூட்டற அக்காங்க, சிக்னல்ல நிக்கற லேடீஸ் போலீஸ், மார்க்கெட்ல பூ விக்கறவங்க, இவங்க எல்லாரும் வேணும்னே தண்ணி குடிக்காம இருக்காங்க. தண்ணி குடிங்கன்னு போஸ்டர் அடிக்கறவங்க இத யோசிக்கறதே இல்ல. கடைல உக்காந்து வேலை பாக்கற உரிமைக்கு 2021ல நம்ம மாநிலத்துல சட்டமே வந்துச்சு, ஸ்டூல் வந்த மாதிரி, வேலைக்காரங்களுக்கு ஒழுங்கான கழிவறையும் வரணும். உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா, கொரியர் பையன், குப்பை வண்டிக்காரங்க, இவங்கள வாயத் திறந்து கூப்பிட்டு பாத்ரூம் யூஸ் பண்ணிக்கச் சொல்லுங்க. ஒரு பாட்டில் தண்ணி குடுக்கறத விட அது பெரிய உதவி.

மே 14, இரவு 9.30

இன்னைக்கு நடந்தத எழுதணும், கை இன்னும் நடுங்குது.

ஹெல்பர் தம்பிக்கு இருபது வயசு, நல்ல உடம்பு. ஒரு அபார்ட்மென்ட்ல ஆறாவது மாடி அவுட்டோர் யூனிட், மேக்க பாத்த செவுரு. பத்தரைக்கு முடிச்சிருக்க வேண்டிய வேலை, சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர்னு மெயின் லிஃப்ட்ல விட மாட்டேன்னுட்டாங்க, கம்ப்ரஸர படில தூக்கிகிட்டுப் போனோம். பன்னெண்டேகால் இருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுறான்னேன், கையில அதே ஸ்பேனர வெச்சுகிட்டு பையில தேடிகிட்டே இருக்கான். என்னடான்னா பதில் குழறுது, "அண்ணே பஸ்சு வந்துருச்சு"ங்கறான். வேர்வை ஊத்திகிட்டுதான் இருந்துச்சு. தோல் நெருப்பா சுட்டுச்சு.

இத கவனமா படிங்க. வேர்வை நின்னு தோல் காஞ்சாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்குன்னு நிறைய பேர் நம்பறாங்க. வேலை செய்யறப்ப வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வேர்வை இருக்கும். பாக்க வேண்டியது பேச்சையும் புத்தியையும்தான். தடுமாற்றம், சம்பந்தம் இல்லாத பேச்சு, கோவம், நடை தள்ளாட்டம். தலைவலி, வாந்தி, களைப்பு மட்டும்னா நிழல்ல படுக்க வெச்சு குடிக்கக் குடுத்தா சரியாகும், அது அதுக்கு முந்தின கட்டம். புத்தி தடுமாறிருச்சுன்னா அது எமர்ஜென்சி, உடம்புக்குள்ள 40ஐத் தாண்டி இருக்கும், நிமிஷக்கணக்குல மூளை, கிட்னி எல்லாம் அடிபடும்.

அந்த வீட்டு அம்மா நல்லவங்க. பாத்ரூம்ல உக்கார வெச்சு, சட்டையக் கழட்டி, பக்கெட் பக்கெட்டா தலைல இருந்து ஊத்தினோம், டேபிள் ஃபேன வாசல்ல திருப்பி விட்டாங்க. ஃப்ரீசர்ல இருந்த பட்டாணி பாக்கெட், ஐஸ் ட்ரே எல்லாத்தையும் துணில சுத்தி அக்குள்லயும் கழுத்துலயும் தொடை இடுக்குலயும் வெச்சோம். ஒருத்தர் 108க்கு அடிச்சுகிட்டே இருந்தார். வண்டி வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தறத நிறுத்தல. வாயில எதுவும் ஊத்தல, ஏன்னா விழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிரும். யாரோ காய்ச்சல் மாத்திரை குடுங்கன்னாங்க, வேணாம்னுட்டேன், அது இந்த சூட்டுக்கு வேலை செய்யாது, ஈரலக் கெடுக்கும். இந்தப் புழுக்கத்துல ஈரத்துணிய மட்டும் போட்டா பத்தாது, தண்ணிய ஊத்திகிட்டே இருக்கணும்.

இப்ப ஆஸ்பத்திரில நல்லா இருக்கான், அவங்க அம்மா கூட இருக்காங்க. முதல்ல குளிர வைங்க, அப்புறம் தூக்கிட்டுப் போங்கன்னு டாக்டரும் சொன்னார். ஆட்டோவுல போட்டு ட்ராஃபிக்ல அரை மணி நேரம் கொண்டு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா வயித்தக் கலக்குது.

மே 15, காலை 6.30

தம்பி இட்லி சாப்டானாம், என்கிட்ட போன்ல பேசினான், சம்பளம் பிடிப்பியாண்ணேங்கறான். லூசுப்பய. ரெண்டு வாரம் வெயில் பக்கமே வரக்கூடாதுன்னுட்டேன், ஒரு தடவை அடிச்சவங்களுக்கு மறுபடி சீக்கிரம் அடிக்கும்.

மே 15, இரவு 10.10

"இளவயசுக்காரங்களுக்கும் வருமா"ன்னு நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. 2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசம் நினைச்சுப் பாருங்க. கடற்கரை, அதுவும் அக்டோபர், கத்திரி எல்லாம் கிடையாது. லட்சக்கணக்குல கூட்டம், மதியம் ஒரு மணி வரைக்கும் நிழல் இல்லாத மணல்ல, திரும்பி வர வழி இல்லாம நெரிசல். 5 பேர் செத்தாங்க. கடல் பக்கத்துல இருந்தா வெயில் ஒண்ணும் பண்ணாதுங்கறதுக்கு அதுக்கு மேல என்ன பதில் வேணும். அதே மாசம்தான் வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க, இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம்னு. காசு வரும்ங்கறது சரி, ஆனா வெயில்தான் காரணம்னு யாராவது எழுதினாத்தானே வரும். பெரும்பாலும் நெஞ்சுவலின்னு எழுதி முடிச்சுடறாங்க.

மே 18, மதியம் 3.15

மச்சான் துபாய்ல ஏசி டக்ட் வேலை. அங்க ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30ல இருந்து 3 வரைக்கும் வெயில்ல யாரையும் வேலை வாங்கக்கூடாது, மீறினா கம்பெனிக்கு ஃபைன். அதுவும் நம்மள மாதிரி கடலோர புழுக்க ஊருதான். இங்க சிக்னல்ல பச்சைப் பந்தல் போட்டாங்க, அண்ணா நகர்ல டெலிவரி பசங்களுக்கு மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்துச்சு, ரெண்டும் நல்ல விஷயம். ஆனா மதியம் நிறுத்துன்னு ஒரு விதி இருந்தா நானும் கஸ்டமர்கிட்ட சண்டை போட வேண்டி இருக்காது. நான் என் அளவுல இந்த வாரத்துல இருந்து பன்னெண்டுல இருந்து மூணரை வரைக்கும் வெளிய வேலை எடுக்கல. ரெண்டு கஸ்டமர் போனாங்க, போகட்டும்.

மே 22, இரவு 8.00

பீச்சுக்குப் போறதப் பத்தி. சாயங்காலம் காத்து வாங்கப் போங்க, தண்ணிக்குள்ள இறங்காதீங்க. மெரினா, பட்டினப்பாக்கம், திருவொற்றியூர் எல்லாம் சட்டுனு ஆழமாகற கரை, உள்ள இழுக்கற நீரோட்டம் வேற. பெசன்ட் நகர் பீச்சுல அந்த வெள்ளை ஷ்மிட் மண்டபம் நிக்குதே, 1930ல மத்தவங்கள காப்பாத்தப் போயி முழுகின டென்மார்க்காரருக்குக் கட்டினது. 2024 மே மாசம் கன்னியாகுமரி பக்கம் லெமூர் பீச்சுல டாக்டருக்குப் படிச்ச 5 பசங்க முழுகிப் போயிட்டாங்க, அன்னைக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. கள்ளக்கடல்னா தூரத்துல எங்கயோ அடிச்ச காத்துல எழும்பற அலை, இங்க மேகமே இல்லாம இருக்கும்போது வந்து அடிக்கும். இழுத்துருச்சுன்னா கரைய நோக்கி எதிர் நீச்சல் போடாதீங்க, கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி வெளிய வாங்க.

மே 27, காலை 6.40

ஏசி இருக்கறவங்களுக்கு தொழில்காரனா ரெண்டு வார்த்தை. 18ல வெச்சா சீக்கிரம் குளிரும்ங்கறது இல்ல, கம்ப்ரஸர் நிக்காம ஓடும் அவ்ளோதான். 2020ல இருந்து வர்ற ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24லதான் நிக்கணும்னு விதி. 26, 27ல வெச்சு சீலிங் ஃபேன மெதுவா விட்டுப் பாருங்க, ஈரம் இறங்கினாலே தூக்கம் வந்துரும். உங்க அவுட்டோர் யூனிட் ஊதற அனல் எதிர் வீட்டு ஜன்னலுக்குள்ள போகுதான்னும் ஒரு தடவை வெளிய போய்ப் பாருங்க. குறுகலான சந்துல நாலு யூனிட் ஊதினா அங்க ஏசி இல்லாத வீட்ல மனுசன் இருக்க முடியாது. தகடு வெச்சு மேல் பக்கமா திருப்பி விடலாம், செலவு கொஞ்சம்தான்.

வீட்ல பெரியவங்க இருந்தும் ஒரு ரூம்லதான் ஏசின்னா மதியமாவது எல்லாரும் அந்த ஒரே ரூம்ல இருங்க.

ஜூன் 3, இரவு 9.15

நேத்து ஒரு வீட்ல சர்வீஸ். கீழ் வீட்டுக்காரங்க ஏசி. மேல் மாடில தனியா ஒரு பாட்டி, பசங்க வெளிநாடு. தண்ணி டேங்க் வால்வ பாக்கப் போனப்ப கதவத் தட்டினேன். ஜன்னல் எல்லாம் கொசுவுக்காக மூடி, ஃபேன் அஞ்சாம் நம்பர்ல வெச்சும் ஆடி ஆடி சுத்துது, கெப்பாசிட்டர் வீக். பாட்டிக்கு வேர்வையே இல்ல, "எனக்கு ஒண்ணும் சூடா தெரியலப்பா"ங்கறாங்க. வயசானவங்களுக்கு தாகமும் சூடும் உறைக்கறது குறைஞ்சு போகும், அவங்க சொல்றத வெச்சு முடிவு பண்ணக்கூடாது. கெப்பாசிட்டர் மாத்தினேன், நூறு ரூபாக்குள்ள வர்ற சாமான், காத்து தரைல மோதற மாதிரி வந்துச்சு. கீழ் வீட்டு அம்மாவ கூப்பிட்டு காட்டிட்டு வந்தேன், ராத்திரி கீழ படுத்துக்கச் சொல்றேன்னாங்க.

2010 மே மாசம் அகமதாபாத்துல 46.8 அடிச்சப்ப வழக்கத்த விட 1,344 பேர் கூடுதலா செத்ததா அப்புறம் கணக்கெடுத்தாங்க, அதுக்குப் பிறகுதான், 2013ல, அந்த ஊரு வெயிலுக்குன்னு தனித் திட்டம் போட்டுச்சு. ரோட்ல விழறவங்கள யாராவது பாத்துடுவாங்க. கதவ சாத்திகிட்டு உள்ள இருக்கறவங்கள யாரும் பாக்கறதில்ல. உங்க ப்ளாக்ல மேல் மாடில தனியா யார் இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. போன் பண்றதுன்னா மதியம் மட்டும் பண்ணாதீங்க, ராத்திரி ஒன்பது மணிக்கும் காலைல ஏழு மணிக்கும் பண்ணுங்க. பேச்சுல குழப்பம் இருந்தா நேர்ல போயிடுங்க. அவசரம் இல்லாத சந்தேகம்னா அரசு மருத்துவ ஆலோசனை நம்பர் 104ல கேக்கலாம்.

ஜூன் 8, மாலை 6.00

"ஷீட்டுக்கு வெள்ளை அடிச்சா நிஜமாவே குறையுமா, நானே அடிக்கலாமா" – கொருக்குப்பேட்டைல இருந்து ஒரு தம்பி.

குறையும். வெள்ளை வெயில திருப்பி அனுப்பிரும், எங்க வீட்லயே அடிச்சு பாத்தாச்சு, மதியம் உள்ள வந்தா தலைல அடிக்கற அனல் இப்ப இல்ல. கூல் ரூஃப் பெயிண்ட்டுக்கு காசு இல்லைன்னா சுண்ணாம்புல பசை கலந்து ரெண்டு கோட்டு போதும், மழைல கரைஞ்சா அடுத்த வருஷம் மறுபடி.

ஆனா தம்பி, ஷீட் மேல ஏறாத. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கால் வெச்ச இடத்துல உடையும், எங்க ஏரியாவுல அப்படி விழுந்து இடுப்பு போனவர் இருக்கார். காஞ்ச ஷீட்ட சொரண்டவும் கூடாது, ப்ரஷ் போட்டு தேய்க்கவும் கூடாது, துளை போடவும் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். தண்ணிய நல்லா தெளிச்சு ஊற விட்டு, நீள மூங்கில்ல ரோலரக் கட்டி, பக்கவாட்டு செவுத்துல ஏணி சாத்தி, கீழ ஒருத்தர் பிடிச்சுக்க அடிக்கணும். காலைல அஞ்சரைல இருந்து எட்டுக்குள்ள முடி, அதுக்கு மேல சூடான ஷீட்ல சுண்ணாம்பு பிடிக்காது, உதிரும். ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்ல, ஏணியும் ரோலரும் என்கிட்ட இருக்கு, தெரு பேர் மட்டும் மெசேஜ்ல போடு, வர்றேன்.